வரிக்குதிரை மீன் கூறும் சான்று

மது தீது என்பதைத் தமிழ்ச் சமுதாயத்துக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் கள் விருந்தாகவும் பரிசிலாகவும் வருவது உண்மையே. எனினும் பின்வந்த அறநூல்கள் அதனைக் கடிந்தே பேசின. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நமது மார்க்கமோ மதுவை முற்றாக விலக்கியது. இவற்றை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். வெள்ளிக்கிழமைப் பேருரைகளில் கேட்கிறோம். ஆண்டு மலர்களிலும் எழுதிக் குவித்துள்ளோம். ஆயினும், தீது என்று அறிதல் வேறு. அத்தீது மனிதனுக்குள் எவ்வாறு தொழிற்படுகிறது என்று அறிதல் வேறு. முன்னதில் நாம் செல்வர், பின்னதில் வறியர். இவ்வறுமையால் விளையும் கேடு சிறிதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை நிறுவ நாம் சான்றுக்கு அழைப்பது, ஒரு விரல் நீளமும் இல்லாத ஒரு சிறு மீனை.

ஒரு தாயின் வினா

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் முதுநகரைக் கடந்தால் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கும். 1980களில் உருவான இத்தொழிற்பேட்டைப் பகுதியில் அடங்கிய ஊர்களுள் செம்மங்குப்பமும் ஒன்று. உழவும் உப்பனாற்று மீன்பிடிப்பும் வாழ்வாக இருந்த இப்பகுதியில் ஆலைகள் வந்தபின், ஒப்பந்தக் கூலியும் முறைமாற்றுப் பணியும் பலருக்கு வாழ்வாயின.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, ஒரு தாய் மாணவர்களை நோக்கி ஒரு வினா எழுப்பினார். ஆலையில் ஒப்பந்தப் பணி செய்யும் அவருடைய மகன் குடிக்கு அடிமையானவர். "தம்பி, அடிச்சும் பாத்தாச்சு, அழுதும் பாத்தாச்சு. இது வியாதியா, திமிரா? படிச்சவங்க நீங்க சொல்லுங்க" என்றார் அத்தாய். மாணவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உடன்சென்ற ஆசிரியர்களும் உடனே விடை கூறினோமில்லை.

அவ்வினா எளிய வினா அன்று. திமிர் என்றால் தண்டனை வேண்டும். வியாதி என்றால் மருந்து வேண்டும். இரண்டிலொன்றைத் தெளிந்து கூறாத வரையில் அந்த வீட்டில் அடியும் அழுகையும் மட்டுமே நிலைக்கும். இது செம்மங்குப்பத்துக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. மது விலக்கப்பட்ட நமது சமுதாயத்திலும் குடிப்பவர் உண்டு என்பதை நாம் அறிவோம். நம் வீடுகளில் அது மேலும் ஒரு படி கொடிது. ஏனெனில், பிறர் வீட்டில் அது துன்பம்; நம் வீட்டில் அது துன்பத்தோடு இழிவும் ஆகிறது. இழிவென்று கருதப்படுவது மறைக்கப்படும். மறைக்கப்படுவது மருத்துவரிடம் செல்லாது. மகளுக்கு மணம் பேச வேண்டும், ஜமாஅத்தில் முகம் காட்ட வேண்டும் என்னும் கவலையால், குடிநோயில் உழல்பவரை அறைக்குள் பூட்டி வைத்த குடும்பங்கள் நம்மிடையே இல்லையென்று எவரும் கூறவியலாது.

சிறு மீனின் பெருமை

இனி, நமது சான்றாளரை அறிமுகம் செய்வோம். மீன்தொட்டி விற்கும் கடைகளில் ஜீப்ரா என்று சொல்லிக் கொடுப்பார்களே, வெள்ளியொளி வீசும் உடலில் நீலக் கோடுகள் நீளவாக்கில் ஓடும் மீன், அதுவே வரிக்குதிரை மீன். முழு வளர்ச்சியிலும் அதன் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான்.

இம்மீன் நம் நாட்டு மீன் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரே இதனை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். நீரோட்டம் மெதுவாக உள்ள ஓடைகளிலும் வயல்வாய்க்கால்களிலும் கூட்டமாக வாழ்வது இதன் இயல்பு. இந்திய ஆறுகளிலும் ஓடைகளிலும் இம்மீனின் இயற்கை வாழ்வை நேரில் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஆழ்வார்குறிச்சியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மையத்தைச் சார்ந்த அருணாசலம் ஆவார். உலக ஆய்வுக்கூடங்களில் தொட்டிக்குள் மட்டுமே காணப்பட்ட மீனை அதன் சொந்த நீரில் கண்டெழுதிய பெருமையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. தில்லியிலுள்ள மரபணுத்தொகையியல் நிறுவனம், இந்தியாவில் இயற்கையாக வாழும் வரிக்குதிரை மீனின் மரபணுத்தொகையை வரிசைப்படுத்தியதாக 2009இல் அறிவித்தது.

இச்சிறு மீனை ஆய்வாளர் தேர்ந்தமைக்குக் காரணங்கள் பல. அதன் முட்டையும் கருவும் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவன. எனவே உறுப்புகள் உருவாவதை உருப்பெருக்கி வழியே நேரில் காணலாம். கருவுற்ற இரண்டு மூன்று நாள்களில் குஞ்சு வெளிவரும்; மூன்று திங்களில் அது தாயாகும். ஒரு பெண்மீன் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, இம்மீனை மரபியல் ஆய்வுக்குரிய உயிரியாக நிலைநாட்டியது. 2013இல் இதன் முழு மரபணுத்தொகையும் வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்கு இணையான மரபணு இம்மீனிடமும் உண்டு என்பது தெரியவந்தது. மனித மூளையில் மகிழ்ச்சிக்கும் அமைதிக்கும் கருவியாகும் டோபமின், செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்கள் இதன் மூளையிலும் உள. நமக்கு நெருக்கடி நேரும்போது குருதியில் பெருகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரே இம்மீனுக்கும் நெருக்கடியில் பெருகுகிறது. ஆய்வுக்கூட எலிக்கோ அவ்விடத்தில் வேறொரு சுரப்புநீர். இவ்வகையில் எலியினும் மீனே நமக்கு நெருங்கிய உறவு எனலாம்.

அச்சத்தை அளக்கும் தொட்டி

பேசாத உயிரின் அச்சத்தை எவ்வாறு அறிவது? வழி மிக எளிது. உயரமான, குறுகிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் மீனை விடுவார்கள். புதிய இடத்துக்கு வந்த மீன் உடனே அடித்தளத்துக்குப் பாயும். அங்கேயே ஒடுங்கி நிற்கும். அல்லது திசை தெரியாது துடித்தோடும். சில நிமிடங்கள் கழிந்து, ஆபத்தில்லை என்று தெரிந்தபின், சிறிது சிறிதாக மேலே எழுந்து வந்து தொட்டி முழுவதையும் சுற்றிப் பார்க்கும். முதல் ஐந்தாறு நிமிடங்களில் மீன் எவ்வளவு நேரம் அடியில் இருந்தது, எத்தனை முறை மேலே வந்தது என்று எண்ணினால் அதன் பதற்றத்தின் அளவு கிடைக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லெவின் குழுவினர் 2007இல் இத்தொட்டிச் சோதனையைக் கொண்டு, புகையிலையிலுள்ள நிக்கோட்டின் மீனின் பதற்றத்தைக் குறைப்பதைக் காட்டினர்.

மற்றொரு சோதனையும் உண்டு. ஒரு மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து கசியும் ஒரு பொருளை மோப்பத்தால் அறிந்து கூட்டத்திலுள்ள பிற மீன்கள் அஞ்சி ஒடுங்கும். இதனை 1938ஆம் ஆண்டிலேயே கண்டெழுதியவர், பின்னாளில் தேனீ ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ் ஆவார். சிங்கப்பூரில் சுரேஷ் ஜேசுதாசன் குழுவினர் 2012இல் அப்பொருளின் வேதித்தன்மையை வரிக்குதிரை மீனைக் கொண்டு ஆராய்ந்து விளக்கினர். ஓர் உயிரின் காயம் அதன் இனம் முழுவதற்கும் எச்சரிக்கையாகும் இவ்வமைப்பில் படைத்தவனின் பேரறிவைக் காண்கிறோம். அச்சம் என்பது இகழத்தக்கது அன்று, அது உயிர்க்காவல்.

இக்காவலை மது என்ன செய்கிறது என்பதே அடுத்த வினா. ராபர்ட் கெர்லாய் என்னும் ஆய்வாளரும் உடன்பணியாற்றியோரும் 2000ஆம் ஆண்டில் இது பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மீனுக்கு மதுவை ஊட்ட வேண்டியதில்லை. நீரில் கலந்துவிட்டால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் அது உடலில் ஏறிவிடும். நூற்றுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு என மிகச் சிறிய அளவில் கலந்தபோது மீன்கள் மிகுதியாக ஓடியாடின. ஒரு பங்காக உயர்ந்தபோது சோர்ந்து தளர்ந்தன. இவ்வளவில் நின்றதா எனில், இல்லை. பகைமீனைக் கண்டு விலகும் எச்சரிக்கையும், தன் இனத்தோடு சேர்ந்து நீந்தும் இயல்பும் மாறுபட்டன.

முதலில் ஆட்டம், பின்னர்த் தளர்ச்சி, இடையில் அச்சமின்மை, உறவு மறத்தல்! மதுக்கடை வாயிலில் நாம் நாள்தோறும் காணும் காட்சியன்றோ இது? மீனுக்கு நாணமில்லை, கடன் இல்லை, மாமியார் மருமகள் பூசல் இல்லை. அதற்குத் திமிரும் இல்லை. எனினும் அதன் நடத்தை அவ்வாறே மாறியது. ஆகவே அம்மாற்றத்தின் வேர் குணத்தில் மட்டும் இல்லை, மூளையின் வேதியியலிலும் உண்டு என்பது உறுதியாகிறது. இதுவே மீன் கூறும் முதற்சான்று.

பழகியதும் விட்டதும்

இரண்டாம் சான்று இதனினும் இன்றியமையாதது. நீரில் மதுவைச் சிறிது சிறிதாக, நாள்கணக்கில் கூட்டிக்கொண்டே சென்றால் மீன் அதற்குப் பழகிவிடுகிறது. முன்பு தளரச் செய்த அளவு இப்போது தளரச் செய்வதில்லை. இவ்வாறு பழகிய மீனைத் திடீரெனத் தூய நீருக்கு மாற்றினால் அது நலம் பெற்றுவிடும் என்றுதானே எண்ணுவோம்? ஆய்வாளர் கண்டதோ வேறு. மதுவிலிருந்து பிரிக்கப்பட்ட மீன்களில் பதற்றத்தின் அடையாளங்கள் மிகுவதைப் பல ஆய்வுகள் காட்டின. அச்சத்தைப் போக்கிய அதே மது, தான் நீங்கும்போது அச்சத்தைப் பன்மடங்காக்கி விட்டுச் செல்கிறது.

மனிதரிடம் இந்நிலை இன்னும் கொடிது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும்; வியர்க்கும்; உறக்கம் நீங்கும். சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாள்களில் வலிப்பு வரும்; சிலர் இல்லாத உருவங்களைக் காண்பர், இல்லாத குரல்களைக் கேட்பர். மருத்துவம் கிட்டாவிடின் உயிருக்கே கேடு நேரலாம். தக்க மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்து மருத்துவர் கண்காணித்தால் இக்கண்டத்தைக் கடந்துவிடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மதுச்சார்பு ஒரு நோயாக இடம்பெற்றிருப்பதும் இதுபற்றியே.

இங்கே நம் சமுதாயம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புனித ரமலான் பிறந்ததும், அதுவரை குடித்தவர் பலர் இறையச்சத்தால் ஒரே நாளில் மதுவை விட்டுவிடுகின்றனர். அவ்வுறுதி போற்றத்தக்கது. ஆனால் மூன்றாம் நாள் அவர் நடுங்கி, பிதற்றி, சுவரோடு பேசும்போது, வீட்டார் அதனை என்னவென்று அறியாது திகைக்கின்றனர். பாவத்தின் பலன் என்பாரும் உளர். ஷைத்தானின் வேலை என்று தாயத்துத் தேடி ஓடுவாரும் உளர். தாங்கவியலாது அவர் மீண்டும் மதுவை நாடினால், நோன்பு மாதத்திலும் குடித்த கயவன் என்னும் பட்டம் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. நோயை நோயென்று அறியாமையின் விலை எத்தகையது என்பதை, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையான துயரம் நாட்டுக்கே உணர்த்தியது. அப்பாடத்தை மதுநோயிலும் நாம் மறத்தலாகாது.

முட்டைக்குள் இரண்டு மணி நேரம்

மூன்றாம் சான்று நெஞ்சை உருக்குவது. கெர்லாயும் பெர்னாண்டஸ் என்னும் ஆய்வாளரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்று ஒரு நாளான மீன்முட்டைகளை மிகக் குறைந்த அளவு மது கலந்த நீரில் இரண்டே மணி நேரம் வைத்திருந்து, பின்னர்த் தூய நீருக்கு மாற்றினர். குஞ்சுகள் பொரிந்தன, வளர்ந்தன. பார்வைக்கு அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் வளர்ந்த அம்மீன்களுக்குத் திரையில் தம் இனக்கூட்டத்தின் உருவத்தைக் காட்டியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மது படாத மீன்கள் கூட்டத்தை நோக்கி விரைந்து நெருங்கின. முட்டையில் மது பட்டவையோ விலகி நின்றன. பட்ட மது மிகுந்த அளவுக்கு விலகலும் மிகுந்தது.

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது நம் பழமொழி. நீந்த அம்மீன்கள் மறக்கவில்லை. உறவோடு சேர்ந்து நீந்தத்தான் மறந்தன. கருவுற்ற தாய் அருந்தும் மது குழந்தையின் முக அமைப்பையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1973ஆம் ஆண்டிலேயே பெயரிட்டு விளக்கியிருந்தனர். பார்வைக்குக் குறையற்ற பிள்ளையிடமும் கேடு மறைந்திருக்கலாம் என்பதை இச்சிறு மீன் கூடுதலாக எச்சரிக்கிறது. கடும் உழைப்பின் வலி போகச் சிறிது அருந்தினால் குற்றமில்லை என்று கருதும் உழைக்கும் மகளிர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுவார் யார்?

நீரில் கலந்தவர் யார்?

இதுகாறும் கூறியவற்றால் குடிப்பவரைப் பழிக்காதீர் என்று மட்டும் நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. மீன் கூறும் சான்றில் நாம் மிகப் பெரிதாகக் கருதுவது வேறொன்று. இவ்வாய்வுகளில் பெரும்பாலானவற்றில் மீன் மதுவைத் தேடிச் செல்லவில்லை. அது வாழும் நீரில் வேறொரு கை மதுவைக் கலந்தது. மீனின் தள்ளாட்டத்தை மட்டும் எழுதி, கலந்த கையை எழுதாத ஆய்வேடு உண்டா? இல்லை. எவ்வளவு கலந்தோம், எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைத்தான் ஆய்வாளர் முதலில் எழுதுகின்றனர். நாமோ மனிதர் செய்தியில் மீனின் தள்ளாட்டத்தை மட்டுமே எழுதுகிறோம்.

நம் மாவட்டத்து நீரைச் சற்று நோக்குவோம். கடலூரின் வடக்கெல்லையில் புதுச்சேரி. அங்கே மதுவின் விலை குறைவு. எல்லைச் சாவடியில் காவலர் சோதனையிடுவதும், புதுச்சேரி மதுப்புட்டிகள் பிடிபடுவதும் நாளேடுகளில் ஓயாத செய்தி. இப்பால் தமிழக அரசின் வாணிபக் கழகம். 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென அரசு நிறுவனம் தோன்றியது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் சில்லறை விற்பனையையும் அதுவே மேற்கொண்டது. 2023-24ஆம் நிதியாண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. நெடுஞ்சாலையை ஒட்டி மதுக்கடை கூடாதென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. மறு ஆண்டிலேயே நகர்ப்புறங்களுக்கு அது தளர்த்தப்பட்டது. மலிவு நாடியவர்க்குக் கள்ளச்சாராயம் காத்திருந்தது. 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அவர்கள் அருந்தியதில் கலந்திருந்தது, ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் என்னும் நஞ்சு.

இந்நீரில்தான் செம்மங்குப்பத்துத் தொழிலாளி நீந்துகிறார். நாளை வேலை உண்டா என்று தெரியாத ஒப்பந்தக் கூலி; இரவும் பகலும் மாறிமாறி வரும் பணி; ஆலைக் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிய ஓயாத கவலை. புதிய தொட்டியில் விடப்பட்ட மீனைப் போல் அடித்தளத்தில் ஒடுங்கும் மனத்துக்கு, மேலே எழும்ப எளிய வழியாக எதிரே நிற்பது மது. குடித்த சிறிது நேரம் அச்சம் நீங்குகிறது. விடிந்தால் அவ்வச்சம் வளர்ந்து நிற்கிறது. அதனைப் போக்க மீண்டும் குடி. இச்சுழலைத் திமிர் என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட முடியுமா?

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். கள்ளுண்ணாமையை வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தாரில்லை. களவு பற்றிய கள்ளாமையும், புலால் மறுத்தலும் அங்கிருக்க, கள்ளுண்ணாமையை அரசும் அமைச்சும் பேசும் பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக வைத்தார். குடி தனிமனித ஒழுக்கம் மட்டும் அன்று, நாட்டின் பொருளோடும் ஆட்சியோடும் பிணைந்தது என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும் என்பது நம் துணிபு. அதனையடுத்துச் சூது, சூதினையடுத்து 95ஆம் அதிகாரமாக மருந்து. கள்ளுக்கு இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து நிற்பதும் சிந்திக்கத்தக்கது.

நமது மார்க்கமும் இதனையே இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. மக்கள் உள்ளம் பக்குவப்படப் படிப்படியாகவே திருமறை அதனை விலக்கியது. இறுதி ஆணை வந்தபோது மதீனத்துத் தெருக்களில் மதுக்கலங்கள் கவிழ்க்கப்பட்டன. அதாவது, மீனுக்கு அறிவுரை கூறியதோடு நில்லாமல் நீரே மாற்றப்பட்டது. குடிப்பவரை மட்டுமன்றி, பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அவ்விலையை உண்பவர் எனப் பத்து வகையினரைச் சேர்த்துக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. பத்தில் ஒருவரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதின்மரை மரியாதையோடு வாழவிடுவது எந்த நீதி?

சில மறுப்புகள்

நோய் என்று கூறிவிட்டால் குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லையென்று ஆகிவிடாதோ எனச் சிலர் வினவக்கூடும். ஆகாது. நீரிழிவு வந்ததற்காக ஒருவரை நாம் பழிப்பதில்லை. ஆயினும் மருந்துண்பதும் இனிப்பைத் தவிர்ப்பதும் அவர் பொறுப்பே. அதுபோன்றே, மருத்துவத்தை நாடுவதும் அதில் நிலைப்பதும் குடிநோயாளரின் கடமை. அதற்கு வழி செய்வது நம் கடமை. மீண்டும் மீண்டும் குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரைக் கூடியிருந்தோர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள் என்பது ஹதீஸ் தொகுப்புகளில் காணப்படும் செய்தி. தண்டனை இருந்தது, சாபம் இல்லை. குற்றத்தை விலக்கிக் குற்றவாளியை அணைக்கும் அந்நெறி நமக்குப் புதியதன்று, மறந்துபோனது.

மீன் வேறு, மனிதன் வேறன்றோ என்பது அடுத்த மறுப்பு. உண்மையே. அறிவியலாரும் மீன் அஞ்சுகிறது என்று கூறாமல், அச்சம் போன்ற நடத்தை என்றே எழுதுகின்றனர். மனிதனின் கடனும் மானமும் நம்பிக்கையும் எந்தத் தொட்டியிலும் அடங்கா. ஆனால் மது மூளையில் செய்யும் வேலை இரண்டிலும் பெரிதும் ஒத்திருப்பதே இங்கு வேண்டப்படுவது. வாயில்லா உயிரைத் துன்புறுத்தலாமோ என்னும் வினாவும் நியாயமானதே. தேவைக்கு மேல் ஓர் உயிரையும் வருத்தாத ஒழுங்கு ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டும். அவ்வுயிர் தந்த அறிவைப் பயன்கொள்ளாமல் ஏட்டில் உறங்கவிடுவதும் அவ்வுயிருக்குச் செய்யும் மற்றொரு கொடுமையே.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் ஷஅபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் ஓர் அறிவிப்புச் செய்யலாம். நெடுநாள் குடித்தவர் ரமலானில் விட எண்ணினால், அதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்பதே அவ்வறிவிப்பு. பைத்துல்மால் நிதியில் ஒரு பகுதியை, பெயர் வெளிப்படாத வகையில், இம்மருத்துவத்துக்கு ஒதுக்கலாம். கடலூர் அரசு மருத்துவமனையிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரை அணுகலாம். நடுவண் அரசின் கட்டணமில்லா ஆலோசனைத் தொலைபேசி 14446 உள்ளது. சாந்தி ரங்கநாதன் அவர்கள் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின், 1980இல் சென்னையில் தோற்றுவித்த டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளரும் குடும்பத்தாரும் சேர்ந்து சிகிச்சை பெறும் முறையை வளர்த்துக் காட்டியது. துயரைப் பணியாக மாற்றிய அவ்வம்மையாரை 1992இல் பத்மஸ்ரீ விருது அளித்து நாடு போற்றியது.

இரண்டாவதாக, வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் விளக்கும் கேட்பது போலவே, எத்தனை மதுக்கடைகளைக் குறைப்பீர், எத்தனை மருத்துவப் படுக்கைகளைக் கூட்டுவீர் என்றும் கேட்க வேண்டும். 2023 ஜூன் திங்களில் அரசு 500 கடைகளை மூடியது. எனவே மூட இயலாது என்று எவரும் சொல்லவியலாது. மூடுவதோடு, மூடிய இடத்தில் கள்ளச்சாராயம் நுழையாத காவலும், விட்டவர் நலம்பெற மருத்துவமும் உடன்வர வேண்டும். பழகிய மீனைத் தூய நீருக்கு மாற்றினால் மட்டும் போதாது என்பதை முன்னர்க் கண்டோம்.

மூன்றாவதாக, தமிழ்த்துறையினராகிய நம் பங்கு. மனோன்மணியம் சுந்தரனார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் நடந்த மீனாய்வு கூட ஆங்கில இதழில்தான் வெளிவந்தது. அறிவியலார் ஆங்கிலத்தில் எழுதுவது அவர்தம் துறையின் தேவை. அதனைச் செம்மங்குப்பத்துத் தாய்க்கு எட்டும் தமிழில் கொண்டுவருவது நம் துறையின் தேவை. விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, பதற்றம், மதுச்சார்பு, விட்டபின் வரும் துன்பம் ஆகியவற்றைப் பேச்சுநடையில் விளக்கும் சிறு கையேடு ஒன்றை வெளியிடலாம். நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் மாணவர் துடைப்பமும் மரக்கன்றும் கொண்டு செல்வதோடு அக்கையேட்டையும் கொண்டு செல்லட்டும்.

அத்தாயின் வினாவுக்கு விடை இதுவே: அம்மா, இது வியாதி, மருந்துண்டு. உங்கள் மகனுக்கும் இதில் பொறுப்புண்டு. ஆனால் அவர் மட்டுமே பொறுப்பாளி அல்லர். அவர் வாழும் நீரில் இதனைக் கலந்தவர்களும், கலக்கக் கண்டும் வாளாவிருந்த நாங்களும் பொறுப்பாளிகளே. இவ்விடையை எழுத்தில் வைப்பதோடு நில்லாது அவ்வூருக்கே சென்று சொல்லுவதும், சொன்னபின் அம்மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுவதும் கல்வி பெற்றோர் கடன். அக்கடனை நிறைவேற்றும் மனவுறுதியை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.